மீட்டர் 97 காட்டுகிறது, மூச்சு ஏன் வாங்குகிறது?

ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இது:

"என் கணவருக்கு வயது 57. ஸ்பின்னிங் மில்லில் 22 வருடம் பஞ்சு பிரிக்கும் புளோ ரூமிலும் பஞ்சு சீவும் கார்டிங்கிலும் வேலை பார்த்தார். இப்போது அதே மில்லில் வாட்ச்மேன். பீடி இருபது வயதிலிருந்தே உண்டு, இப்போது நாளைக்கு நாலைந்து. ஒரு வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீடு முதல் மாடி. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறிவிட்டுத்தான் மிச்சப் படி ஏறுவார். கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் மீட்டரில் பார்த்தால் 97, சில நேரம் 98. எக்ஸ்ரேயும் நார்மல் என்றார்கள். கிளினிக்கில் நெபுலைசர் வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறார், அப்புறம் பழையபடிதான். 'ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது, அப்பா சும்மா பயப்படுகிறார்' என்கிறான் மகன். என் தம்பியோ, பழைய ஆக்சிஜன் மெஷின் 20,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கிப் போடு என்கிறான். ஒரு டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். பழகிவிடும் என்று பயந்து வாங்கவில்லை. மில்லில் இருந்தபோது லீவு முடிந்து போகும் முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கிறது என்பார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நான் என்ன செய்யட்டும், டாக்டர்?"

முதலில் மகனுக்கு ஒரு வார்த்தை. அப்பா சும்மா பயப்படவில்லை, தம்பி. மீட்டர் காட்டும் 97-ம் உண்மை, படியில் வாங்கும் மூச்சும் உண்மை. இரண்டும் வேறு வேறு சங்கதி.

இந்தக் குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்த மீட்டர் தெர்மாமீட்டர் மாதிரி வீட்டுக்கு வீடு வந்தது. "மூச்சு வாங்கவில்லை என்று ஏமாறாதீர்கள், எண்ணைப் பாருங்கள்" என்று டாக்டர்களாகிய நாங்களே படித்துப் படித்துச் சொன்னோம். அன்றைக்கு அது சரி. மீட்டரில் 80 காட்டும் ஆள் செல்போனில் பேசிக்கொண்டே வார்டுக்குள் நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எண் மோசம், ஆனால் மூச்சு வாங்கவில்லை. உங்கள் கணவருக்கு அப்படியே தலைகீழ்: எண் நன்றாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. அன்று படித்த பாடத்தை இன்று இவருக்குப் போட்டுப் பார்ப்பதால்தான் வீட்டில் சண்டை.

இது எப்படி முடியும் என்று கேட்டால், மூச்சு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

கிணற்றில் முங்கி மூச்சடக்கும் பந்தயம் வைத்திருப்போம் இல்லையா? ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று தலையைத் தூக்கி வெளியே வருகிறோம். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. அந்த நேரத்தில் இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் மிச்சம் இருக்கும். நம்மை மேலே துரத்துவது, வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் சேர்ந்துபோன கார்பன் டை ஆக்சைடு. மூளையின் அடியில் முகுளம் என்ற இடத்தில் அதற்கான காவலாளிகள் இருக்கிறார்கள். அது கொஞ்சம் கூடினாலே மூச்சை வேகப்படுத்திவிடுவார்கள். ஆக்சிஜனைக் கவனிக்கும் ஆட்கள் கழுத்துத் தமனியில் தனியாக இருக்கிறார்கள். ஆனால் ஆக்சிஜன் நன்றாகவே இறங்கினால்தான் அவர்கள் கத்துவார்கள். அதனால்தான் முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டு குதிக்காதே என்று பையன்களைத் திட்டுகிறோம். அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும், ஆக்சிஜன் கூடுவதோ மிகக் கொஞ்சம். காவலாளி தூங்கிவிட, தண்ணீருக்கு அடியிலேயே நினைவு தப்பிப் போகும்.

ஆக, மூச்சு வாங்குகிறது என்ற உணர்வு ஆக்சிஜன் அளவை மட்டும் வைத்து வருவதில்லை. மூச்சு விடும் தசைகள் எவ்வளவு பாடுபடுகின்றன, பாடுபட்டதற்கு ஏற்ற காற்று வந்து போனதா என்ற கணக்கும் அதில் சேர்கிறது. உழைப்பு அதிகம், வரும்படி குறைவு என்றால் மூளை அதை மூச்சுத் திணறலாக உணரும். ஆக்சிஜன் 97 இருந்தாலும் சரி.

உங்கள் கணவருக்கு உழைப்பு எங்கே வீணாகிறது? நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பீடி, பஞ்சுத் தூசி, படியில் வரும் இளைப்பு, நெபுலைசருக்கு இரண்டு நாள் கேட்பது, எல்லாவற்றையும் சேர்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது சி.ஓ.பி.டி. என்ற நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயைத்தான்.

மூச்சுக்குழாயைத் தலைகீழாக நட்ட மரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குக் கீழே ஒரு தண்டு, அது இரண்டாகப் பிரிந்து, மறுபடி இரண்டாகப் பிரிந்து, இப்படி ஏறத்தாழ 23 முறை பிரிகிறது. கடைசிக் கிளைகளில் இலைகளைப் போல காற்றறைகள். கோடிக்கணக்கில் இருக்கும் அவற்றைப் பிரித்து விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சுமார் 750 சதுர அடி, ஒரு சின்ன இரண்டு பெட்ரூம் வீட்டின் தரை. அந்தத் தரைக்கு அந்தப் பக்கம் இரத்தம், இந்தப் பக்கம் காற்று. நடுவில் உள்ள சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காற்றை உள்ளே இழுக்க உதரவிதானம் என்ற தசை வேலை செய்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும் அது, கீழே இறங்கினால் நெஞ்சு விரிந்து காற்று வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை. வெளியே விடுவதற்கு அப்போது தசையே வேண்டாம். ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் தானாகச் சுருங்குவது போல நுரையீரல் சுருங்கி, காற்று வெளியே போய்விடும்.

சிக்கல் இந்த இடத்தில்தான். பீடிப் புகை வருடக்கணக்கில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, சின்னக் குழாய்களின் உள்சுவரை வீங்கவைத்துச் சளியால் அடைக்கிறது. குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். உண்மையில் 16 மடங்கு. இன்னொன்று, அந்த ரப்பர் தன்மையையே அரித்துவிடுகிறது. காற்றறைகளின் சுவர்கள்தான் சின்னக் குழாய்களை நாலு பக்கமும் பந்தல் கயிறு மாதிரி இழுத்துத் திறந்து வைத்திருப்பவை. கயிறு அறுந்தால் மூச்சை வெளியே விடும் நேரத்தில் குழாய் மடங்கிக்கொள்ளும். உள்ளே போன காற்று முழுக்க வெளியே வராது.

உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது. மெதுவாக விட நேரம் இருக்கிறது. படி ஏறும்போதுதான் வம்பு. மூச்சு வேகமாகும், விடுவதற்கான நேரம் குறையும், போன தடவை விடாத காற்று உள்ளேயே இருக்க, அதன் மேல் அடுத்த மூச்சு. நாலைந்து படியில் நெஞ்சு காற்றால் புடைத்துவிடும், ஆனால் புதுக் காற்றுக்கு இடமில்லை. கவிழ்த்த சட்டியாக இருந்த உதரவிதானம் தட்டையாக அமுங்கி, இழுப்பதற்குப் பிடிமானம் இல்லாமல் தவிக்கும். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அது வெறும் களைப்பு இல்லை. கையை ஊன்றினால் தோள், கழுத்துத் தசைகளும் விலாவைத் தூக்க உதவிக்கு வரும். யாரும் சொல்லித்தராமலே நோயாளிகள் கண்டுபிடித்துக்கொள்ளும் வித்தை இது.

மகனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு பரிசோதனை. ஆரோக்கியமாக இருக்கும் பையன் என்றால் செய்து பார்க்கட்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். அதை விடாமல், அந்த மேல்மட்டத்திலேயே குட்டிக் குட்டியாக மூச்சு விட்டு, குட்டிக் குட்டியாக எடுத்துக்கொண்டு கூடத்தில் ஒரு நிமிடம் நடக்கட்டும். விரலில் மீட்டரையும் மாட்டிக்கொள்ளட்டும். அது 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அவனால் தாங்க முடியாது. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். அப்பாவுக்குப் படியில் நடப்பது ஏறத்தாழ இதுதான், அவரால் நிறுத்த முடியாது என்பதுதான் வித்தியாசம்.

சரி, அந்த மீட்டர் என்னதான் அளக்கிறது? ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970-களில் கண்டுபிடித்த முறை அது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏற்றியது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடும். அருமையான கருவி, மயக்க மருந்து கொடுக்கும் அறையில் அது காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமில்லை. ஆனால் அது சொல்லும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் எத்தனை சீட்டு நிறைந்திருக்கிறது என்று சொல்லும். அந்த ரூட்டில் எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது. இரத்தசோகையில் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிய பெண்ணுக்கும் மீட்டர் 98 காட்டும். ஓடும் பஸ் பாதிதான், எல்லாம் நிறைந்து ஓடுகிறது.

இன்னொரு வேடிக்கை. நுரையீரல் கெட ஆரம்பித்த புதிதில் இந்த எண் அசைந்தே கொடுக்காது. தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சராசரியாக 100 பாதரச மில்லிமீட்டர் என்று வையுங்கள். அது 70-க்கு இறங்கினாலும் மீட்டரில் 94 வரும், வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். 60-க்கு வரும்போது 90. அதற்குக் கீழேதான் சரசரவென்று சரியும். போதாததற்கு, பீடிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் ஹீமோகுளோபினில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டு அது. சாதாரண விரல் மீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். பீடி பிடித்த கையோடு பார்த்த 97-ஐ நான் முழுசாக நம்ப மாட்டேன்.

மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பார்க்கும் நேரத்தை மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதோடு, சமதரையில் ஐந்தாறு நிமிடம் அவர் வேகத்தில் நடந்து முடித்தவுடனும் பாருங்கள். விரல் சில்லென்று இருக்கக் கூடாது, நகத்தில் மருதாணியோ பாலீஷோ இருக்கக் கூடாது. நடந்தபின் நாலு புள்ளிக்கு மேல் இறங்கினால் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் டெஸ்ட். மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் பலம் கொண்ட மட்டும் வேகமாக ஊத வேண்டும். நல்ல நுரையீரல் தன் காற்றில் முக்கால் பங்கை முதல் ஒரு வினாடியிலேயே தள்ளிவிடும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இது 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அடைப்பு நோய் உறுதி. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1840-களில் மூச்சை அளக்க ஒரு கருவி செய்தார். அதன் வாரிசுதான் இது. இத்தனை பழைய டெஸ்ட்டை நம் ஊரில் எடுக்காமலே வருடக்கணக்கில் டானிக்கும் ஊசியும் போட்டுக்கொண்டிருப்பார்கள், எனக்கு அதில் தீராத வருத்தம். எக்ஸ்ரே நார்மல் என்பதில் ஆச்சரியம் இல்லை. இந்த நோய் முற்றினால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். காசநோய், கட்டி, நிமோனியா இல்லை என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே தேவை, அந்த மட்டில் நல்லது. விருதுநகரிலோ மதுரையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். போகும்போதே ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி., முடிந்தால் எக்கோவும் பார்த்துவிடுங்கள். படியில் மூச்சு வாங்குவதற்கு இருதயமும் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு நுரையீரலை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கும் என்று எழுதினீர்களே, கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயின் அடையாளமே அது. வாரம் முழுக்கத் தூசியில் இருந்துவிட்டு, ஒரு நாள் விட்டு, திரும்பப் போகும் நாளில் நெஞ்சு இறுகும். வாரம் நகர நகர உடம்பு பழகிக்கொண்டதுபோல் தோன்றும். பருத்தியோடு வரும் இலை, சருகுத் துணுக்குகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். பேல் உடைத்துப் பஞ்சு பிரிக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். வருடங்கள் போனால் அடைப்பு நிரந்தரமாகும். சட்டத்தில் உள்ள தொழில்சார் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. அதனால் டாக்டரிடம் பீடியை மட்டும் சொல்லாமல் எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருடம் என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அங்கேயும் காட்டுங்கள். இப்போது வாட்ச்மேன் வேலை என்பது நல்லதுதான், ஆனால் கேட்டில் நிற்கிறாரா, பஞ்சு குடோன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்லும் மெஷின் வேண்டாம். 97 இருப்பவருக்கு அது ஒன்றும் செய்யாது, அவருடைய கஷ்டம் காற்றை வெளியே விடுவதில். ஓய்வில், உடம்பு ஒரு நிலையில் இருக்கும்போதே 88-ஓ அதற்குக் கீழோ நின்று, இரத்தப் பரிசோதனையிலும் உறுதியானால்தான் வீட்டு ஆக்சிஜன் எழுதுவோம். அதுவும் நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல். இந்த நோய் முற்றியவர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, தூக்கம் தூக்கமாக வந்து நினைவு தப்புவதும் உண்டு. ஆஸ்பத்திரியில்கூட அவர்களுக்கு 88-க்கும் 92-க்கும் நடுவில்தான் நிறுத்துவோம். பீடி பற்றவைக்கும் வீட்டில் ஆக்சிஜன் என்றால் தீ பயம் வேறு. அந்த 20,000 கையில் இருந்தால் டெஸ்ட்டுக்கும் மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்தை வாரம் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன். கண்ணாடி போட்டால் கண் பழகிவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஓர் அழுத்துக்கு, 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை 40 பஃப்புக்குச் சமம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கடைசியில் நுரையீரலுக்குப் போகிறது. கிளினிக்கில் வைத்த நெபுலைசரும் பெரும்பாலும் இதே மருந்தின் பெரிய அளவுதான். அதை வைத்துக்கொள்ளப் பயப்படாதவர் இன்ஹேலருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ஆனால் ஒழுங்காக எடுக்க வேண்டும், பத்துப் பேரில் பாதிப் பேர் தொண்டைக்குத்தான் மருந்து அடிக்கிறார்கள். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையையும் கேட்டு வாங்குங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மாட்டி, முதலில் இருக்கிற மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வாயில் வைத்து ஒரு அழுத்து, மெதுவாக ஆழமாக ஓர் இழுப்பு, பத்து எண்ணும்வரை அடக்கி விட வேண்டும். இரண்டாவது பஃப்புக்கு மறுபடி முதலிலிருந்து. ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும்.

பீடியைப் பற்றி நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். நாலைந்துதானே என்று விடாதீர்கள். அழிந்த காற்றறை திரும்பாது. ஆனால் நிறுத்தினால் மிச்சம் தேயும் வேகம் குறையும், எந்த மருந்தும் அந்த அளவுக்குச் செய்வதில்லை. நிறுத்திய முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி கூட்டிப் பெருக்க ஆரம்பிக்கின்றன என்று அர்த்தம். "பீடியை விட்டதிலிருந்துதான் இருமல்" என்று சொல்லி அவர் திரும்பப் பற்றவைக்கும் இடம் இதுதான், அப்போது விடாதீர்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவி கிடைக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சூடான காப்பியை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடப் பழக்குங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, குவித்த உதட்டால் நாலு எண்ணும்வரை விட வேண்டும். வாய்ப் பக்கம் கொஞ்சம் தடை இருந்தால் அந்த அழுத்தம் உள்ளே திரும்பி, மடங்கவிருக்கும் குழாய்களைத் திறந்து பிடித்துக்கொள்ளும். படி ஏறும்போது காலைத் தூக்கும் நேரத்தில் மூச்சை விடட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறவே கூடாது. குளிக்கும்போது ஸ்டூல் போட்டு உட்காரட்டும். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானத்துக்கு இறங்க இடம் இருக்காது, பிரித்துப் பிரித்துச் சாப்பிடட்டும். மூச்சு வாங்குகிறதே என்று நடையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். கால் தசை தளர்ந்தால் அதே தூரத்துக்கு இன்னும் அதிக மூச்சு கேட்கும். பிராணாயாமத்தில் மெதுவாக விடும் பயிற்சி சரி. மூச்சை வேகவேகமாகத் தள்ளும் கபாலபாதியும் நீண்ட நேரம் அடக்குவதும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வழக்கமில்லாமல் தூங்கி வழிந்து குழப்பமாகப் பேசினாலோ, ஓய்வில் மீட்டர் 90-க்குக் கீழே போனாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஊதும் டெஸ்ட் எடுத்ததும் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதில் எஃப்.இ.வி.1 என்று ஒரு வரி இருக்கும், முதல் வினாடியில் ஊதித் தள்ளிய காற்றின் அளவு அது, பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். எந்த இன்ஹேலர், எத்தனை வேளை என்பதையெல்லாம் அதைப் பார்த்த பிறகு பேசலாம். டெஸ்ட்டுக்குப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். அப்பா ஊதுவதை அவனும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.